ராணியைக் கால்நடையில் சேர்த்தவர்

ஞானசேகரன் இறந்த செய்தி எனக்குக் காலை ஏழே காலுக்கு வந்தது. பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது போலாரம் வீட்டு வாசலிலேயே மாரடைப்பு என்று பாஸ்கர் நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழத் தொடங்கின. எட்டே முக்காலுக்கு, உடலை இன்னும் குளிப்பாட்டிக்கூட இருக்க மாட்டார்கள், இன்னொருவரிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. "அவர் கட்டிய வகை மரத்தை அவர் விட்டுச் சென்ற நிலையிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். அதுவே நாம் செய்யும் உண்மையான அஞ்சலி." இதற்கு விழுந்த கைகள் மரணத்துக்கு விழுந்தவற்றைவிட அதிகம்.

மதியம் பாஸ்கர் தொலைபேசியில் அழைத்தார். "முகப்புப் பக்கத்துல போட ஒண்ணு வேணும் சார். நீங்கதான் எழுதணும், பேப்பர்ல இருந்தவரு" என்றார். கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவது முப்பத்தைந்து ஆண்டு செய்தியாளனுக்கு ஒரு நோய். எழுதியிருக்கிறேன். முகப்பில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நம்மைத் தெரியாதவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களுக்காக நாலு வரி. உப்பரசு என்பது நாங்களே கட்டிய ஒரு கற்பனை நாடு. கடல் வற்றி உப்பாகிப்போன நிலம். அங்கே உப்புக்கு மந்திர சக்தி உண்டு. ஹைதராபாத், செகந்திராபாத் தமிழர்கள் சிலர் சேர்ந்து அதில் கதை எழுதத் தொடங்கினோம். பிறகு அந்த நாட்டின் அரசர்கள், பேய்கள், வாள்கள், ஆறுகள் ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனிக் கட்டுரை எழுதி இணையத்தில் ஒரு விக்கி வைத்தோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். சனத்நகரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் பாஸ்கர்தான் அதற்கு சர்வர் வைத்து நடத்துகிறார். கட்டுரைகளை வகை வகையாகப் பிரித்து, வகைக்குள் வகையாக அடுக்கினால் வருவது வகை மரம். அந்த மரத்தை ஆறு ஆண்டுகள் தனி ஆளாக ஆண்டவர் ஞானசேகரன்.

அவரை முதலில் பார்த்தது பாஸ்கர் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். திருநெல்வேலிக்காரர், ஊரை விட்டு நாற்பது வருடம் ஆகியும் பேச்சை விடாதவர். விக்கியில் அப்போது அறுநூறு கட்டுரைகள் இருந்தன. வகை என்று ஒன்றுமில்லை. பாஸ்கரின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வைத்த முறுக்கு வைத்தபடி இருந்தது.

"என்னவே இது? கோடவுனா, குப்பமேடா?" என்றார் கடைசியில்.

"சர்ச் பண்ணா எல்லாம் வந்துரும் சார்" என்றார் பாஸ்கர்.

"தேடுனா வரும்ங்கது ஒரு பதிலாவே? தேடாமலே எங்க கெடக்குன்னு சொல்லணும். அதுக்குப் பேருதான் ஸ்டோர்ஸ்."

அன்று மாலையே அவருக்கு நிர்வாகி உரிமை கொடுத்தோம். அவர் திறமையைக் கண்டு கொடுத்தோம் என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொய். அறுநூறு கட்டுரைகளை வகைப்படுத்த நமக்குச் சோம்பல். ஒருவர் தலையைக் கொடுத்தார், நாம் கையைக் கழுவினோம்.

அவர் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது அதிகம் இடம் பிடிக்காது. ஒரே ஆற்றுக்கு நம்மிடம் மூன்று கட்டுரைகள் இருந்தன, அவற்றை ஒன்றாக்கினார். செத்துப்போன ஒரு தளபதி இன்னொரு கட்டுரையில் உயிரோடு போருக்குப் போய்க்கொண்டிருந்தான். அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். முதல் ஆறு மாதம் நமக்கெல்லாம் வீடு பெருக்கித் துடைத்த மாதிரி இருந்தது. பிறகுதான் அவர் தம் விதியைச் சொன்னார். "ஒரு சரக்குக்கு ஒரு பெட்டி. ரெண்டு பெட்டியில ஒரே சரக்கு இருந்துதுன்னா, ரெண்டுலயும் இல்லேன்னு அர்த்தம்."

நட்டுக்கும் போல்ட்டுக்கும் இது சரி. விக்கியில் ஒரு கட்டுரையைப் பத்து வகைகளில் வைத்தாலும் அது ஒரே கட்டுரைதான். எந்த வாசல் வழியாகவும் போய்ச் சேரலாம். வகை என்ற ஏற்பாடே அதற்காகத்தான் இருக்கிறது. பாஸ்கர் இதை அவருக்கு மூன்று முறை விளக்கினார். மூன்று முறையும் கேட்டுவிட்டு, "அது உம்ம மெஷினோட ஒழுங்கீனம்வே" என்றார்.

உமரி விஷயம் உங்களுக்குத் தெரியும். மாலினி படைத்த பாத்திரம் அது. வருடத்தில் ஐந்து மாதம் உப்பரசின் ராணி, ஏழு மாதம் வெள்ளைக் குதிரை. ஞானசேகரன் அவளைக் 'கால்நடைகள்' வகையில் சேர்த்தார். அந்த மாதக் கூட்டத்தில் மாலினி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உமரி ராணி சார்! ஆடு, எருமை பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்க."

"ஏழு மாசம் என்னவா இருக்கா?"

"குதிரையா."

"ராணியா?"

"அஞ்சு மாசம்."

"ஏழு பெருசா, அஞ்சு பெருசா?"

"அரே, என்ன சார் கணக்கு இது! ரெண்டுலயும் போடுங்க, முடிஞ்சுது."

"ரெண்டுலயும் போட்டா அவ எங்க இருக்கான்னு ஒனக்கே தெரியாதும்மா."

"அவ எங்க இருக்கான்னு அவளுக்கே தெரியாது. அதான் சார் கதையே!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உமரி இன்றைக்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் நடுவில்தான் நிற்கிறாள். அகர வரிசை மட்டும் தவறவில்லை.

மாலினியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் மென்பொருள் சோதனை கற்றுக்கொடுக்கிறாள். பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழி தெலுங்கு. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. உப்பரசுக்காக முப்பத்தாறாவது வயதில் அ, ஆ எழுதிப் பழகினாள். மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் ஒற்றை விரலால் தட்டி எழுதியவை அவளுடைய நீர்ப்பேய்கள். உப்பு நாட்டில் தண்ணீர் இல்லாமல் தவிக்கும் பேய்கள், ஒன்றுக்கு ஒரு கட்டுரை என்று எண்பத்து நான்கு. நேரே விக்கியில்தான் எழுதினாள். வேறெங்கும் பிரதி கிடையாது.

ஞானசேகரனின் இரண்டாவது விதி மூன்றாம் வருடம் வந்தது. ஸ்டோர்ஸில் இரண்டு வருடம் யாரும் கேட்டு வராத பொருளை 'அசையாச் சரக்கு' என்பார்களாம். அதைப் பட்டியல் போட்டுக் கழித்துவிடுவார்களாம். அதேபோல் இரண்டு வருடம் யாரும் திருத்தாத கட்டுரை 'கழிக்கத் தக்கவை' என்ற வகைக்குப் போகும். நிர்வாகி தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாதபடி பூட்டப்படும். தொண்ணூறு நாளில் சர்வர் அதைத் தானாகவே துடைத்துவிடும். பாஸ்கர் மறுபேச்சில்லாமல் அதற்கு நிரல் எழுதிக் கொடுத்தார். நானும் மூன்றாவது நிர்வாகியாகச் சம்மதம் சொன்னேன். ஒரு கட்டுரை முழுமையாக எழுதப்பட்டிருந்தால் அதை ஏன் ஒருவர் திருத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

இதற்கு நாம் கண்டுபிடித்த வழியை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் கடைசி வாரத்திலும் நாம் எல்லோரும் உட்கார்ந்து அவரவர் கட்டுரையைத் திறந்து, கடைசி வரிக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தைத் தட்டிச் சேமிப்போம். கட்டுரை 'அசைந்துவிட்டது'. அவருக்கு இது நன்றாகத் தெரியும். "அசைஞ்சா அசைஞ்சதுதான்வே. ஏன் அசைஞ்சுதுன்னு எழுத ஸ்டோர்ஸ் அட்டையில எடம் கெடையாது" என்பார். லாயத்து வாளி என்று பாஸ்கர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இரண்டே வரி. அது ஒரு வாளி, லாயத்தில் இருக்கிறது. அந்த வாளி வருடம் தவறாமல் அசைந்து இன்றுவரை சிரஞ்சீவியாக இருக்கிறது.

மாலினியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு வருடமும் ஒரு மாதமும் படுக்கையில் கிடந்தார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அவள் உப்பரசுப் பக்கம் வரவே இல்லை. அந்த இரண்டு டிசம்பர்களிலும் நாம் நம் வாளிகளை அசைத்தோம். அவளுக்காக எண்பத்து நான்கு வெற்றிடம் தட்ட நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா போன பிறகு அவள் திரும்பி வந்து பார்த்தபோது நீர்ப்பேய்கள் அத்தனையும் கழிவில் கிடந்தன.

ஞானசேகரனை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டாள். அமீர்பேட்டில் அவளுடைய வகுப்பறையிலேயே கூடினோம். ஞானசேகரன் போலாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து, மாணவர்கள் உட்காரும் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"கைக்கு சார்?" என்றாள், ஹைதராபாத் பேச்சில் ஏன் என்று. "என் பேய எல்லாம் கைக்கு கழிவுல போட்டீங்க?"

"ரெண்டு வருசமா அசையலம்மா."

"நான் அசையல சார். எங்க அப்பா படுத்த படுக்கை. பேய் என்ன பண்ணிச்சு?"

"பேய் என்ன பண்ணுச்சுன்னு நான் கேக்கல. யாரு தொட்டாங்கதுதான் கேள்வி. யாரும் தொடல. தொடாத சரக்கு எடத்த அடைக்கும்."

"எடமா? பாஸ்கர் சார், நீங்க சொல்லுங்க. எவ்ளோ எடம் அடைக்குது?"

பாஸ்கர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத்தமும் சேத்தா ஒரு கல்யாண போட்டோ சைஸ்கூட வராது மேடம்."

"எடம்னா எடமில்லவே. ஒழுங்கு" என்றார் ஞானசேகரன். பிறகு அவளைப் பார்த்து, "எழுதிக் குடும்மா. பரிசீலிக்கேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பத்து நாள் முன்புதான் ஞானசேகரன் என் கட்டுரைகளுக்கு மரத்தின் உச்சியில் 'ஆட்சிமுறை' என்று தனி வகை கொடுத்திருந்தார். உப்பு வரி, எல்லைக் காவல், நீதிமன்றம் என்று நான் எழுதிய நாற்பது வறட்டுக் கட்டுரைகள் அவை. "ஒமக்குத்தான்வே ஒழுங்கு தெரியுது" என்று சொல்லியும் இருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் விலை போயிருந்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவள் அன்றே எழுதிக் கொடுத்தாள். அவர் பரிசீலித்துக்கொண்டே இருந்து, சென்ற வாரம் இறந்துபோனார். தொண்ணூறு நாள் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

இப்போது நீங்கள் பூட்டச் சொல்வது எதை என்று புரிகிறதா? அவர் விட்டுச் சென்ற நிலையில் மரத்தைப் பூட்டினால் நீர்ப்பேய்கள் கழிவில் பூட்டப்படும். மாதக் கடைசியில் துடைக்கப்படும். வாளி இருக்கும். மரத்தைப் பூட்டும் யோசனைக்குக் கை கூப்பியவர்கள் இதை அறிந்து செய்தீர்களா, அறியாமல் செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. செய்தியாளனாக நான் பார்த்தவரை இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான். 'வகைப்பாட்டின் தந்தை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'ஒழுங்கின் சிகரம்' என்று இன்னொருவர். உயிரோடு இருந்தபோது அவர் அழைப்பை எடுக்காமல் ஒளிந்தவர்கள் இருவரும்.

மூன்றாம் நாள் போலாரம் போனேன். பழைய பங்களா ஒன்றின் பின்பக்கப் பகுதியில் அவர்கள் குடியிருப்பு. அவர் மனைவி சண்முகவடிவு அம்மாள் என்னை உள் அறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கச் செருப்புக் கடை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கோடு போட்ட அட்டைகள் அகர வரிசையில் நின்றன. விக்கியில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார் மனிதர்.

"வீட்ட விட இதுலதான் இருந்தாவ" என்றார் அம்மாள். "பேரன் பொறந்தநாளு மறந்து போவும். இது மறக்காது. இத என்ன செய்ய, சொல்லுங்க. எடைக்குப் போட்டுரவா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்று சொல்லி நீர்ப்பேய்கள் பெட்டியை எடுத்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்றால், பெயரும் தேதியும். படிக்காமல் தூக்கி எறிந்திருப்பார் என்றுதான் அத்தனை நாள் எண்ணியிருந்தேன். பெயரும் தேதியும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, சிறிய சாய்ந்த எழுத்தில், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு குறிப்பு.

'வற்றிய கிணற்றில் விழுந்த குரலைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டவருக்குத் திருப்பித் தரும் பேய். மூன்று முறை படித்தேன். நடவடிக்கை: கழிவு.'

'ஈரத்துணியின் நிழலில் மட்டும் குடியிருக்கும். துணி காய்ந்தால் அதற்கு வீடில்லை. மிக நன்று. நடவடிக்கை: கழிவு.'

'தாகத்தில் இறந்தவரின் நாக்கில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கும். இரவு தூக்கம் வரவில்லை. நடவடிக்கை: கழிவு.'

எண்பத்து நான்கும் அப்படித்தான். அந்த அறையில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து அத்தனையையும் வாசித்தேன். உப்பரசில் வேறு யாரும் மாலினியின் நீர்ப்பேய்களை முழுதாகப் படித்ததில்லை. நான் மூன்றோ நான்கோ படித்திருப்பேன். பாஸ்கர் பட்டியலைப் படித்திருக்கிறார். அவளுக்குக் கிடைத்த ஒரே வாசகர் ஞானசேகரன்.

இதைத் தெரிந்துகொண்ட பின் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. கண் தெரியாதவன் மிதித்தால் அது விபத்து. இவர் குனிந்து பார்த்து, பூ என்று தெரிந்து, அதன் அழகைக் குறித்தும் வைத்துவிட்டு மிதித்திருக்கிறார். தாம் போட்ட விதியைத் தாமே ஒரு முறை மீறினால் என்ன ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்குத்தான் ஆறு வருடம் ஒழுங்கு என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் அதற்குச் சிலை வைக்கப் போகிறோம்.

வாசலுக்கு வந்து மாலினியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். சிலவற்றைப் படித்தும் காட்டினேன். பின்னால் வகுப்பில் யாரோ தெலுங்கில் அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"படிச்சாரா?" என்றாள்.

"படிச்சிருக்கார்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நல்லாருக்குன்னு வேற எழுதியிருக்காரா?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதை அவள் பாணியிலேயே.

"அப்ப நக்கோ சார், வேணாம். படிக்கலன்னா மன்னிச்சிருப்பேன்" என்றாள். பிறகு, "அந்தக் கிணத்துப் பேய் அட்ட மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

அந்த அட்டையை அம்மாளிடம் கேட்டு வாங்கினேன். பெட்டிகளை எடைக்குப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

நேற்று காலை பத்து மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். கழிவிலிருந்து ஒரு கட்டுரையை எடுக்க ஒரு நிர்வாகியின் உரிமை போதும். பாஸ்கரிடம் சொன்னால் ஒரே கட்டளையில் எண்பத்து நான்கையும் மாற்றித் தருவார். நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு கட்டுரையைத் திறக்கிறேன், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறேன், பிறகு அது எந்தெந்த வகைகளில் இருக்க வேண்டுமோ அந்த வகைகள் அத்தனையிலும் சேர்க்கிறேன். சில பேய்களுக்கு ஐந்து வகைகள் ஆகின்றன. மரம் முழுவதையும் பூட்ட இரண்டு நிர்வாகிகள் சேர வேண்டும். பாஸ்கரும் நானும்தான் மிச்சம். என் சம்மதம் கிடையாது. குழுவில் எத்தனை கைகள் கூப்பினாலும் கிடையாது.

ஞானசேகரனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று உண்டு. எதையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன், அதைக் கடைசி வரிவரை படிப்பது. செய்தித்தாளில் இருந்த முப்பத்தைந்து வருடமும் நான் அப்படிச் செய்ததில்லை. தலைப்பையும் முதல் பத்தியையும் பார்த்தே பக்கம் ஒதுக்கியவன். இதை எனக்குக் காட்டியவர் அவர்தான், மறுப்பதற்கில்லை. முப்பத்தொரு பேய்களைப் படித்து முடித்திருக்கிறேன். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.